ஒன்றுபோல் தோன்றும் ஃப்ரேசல் வெர்ப்களைப் பிழையின்றிக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

“புட் ஆன்” என்றால் அணிந்துகொள்வது. “புட் ஆஃப்” என்றால் தள்ளிப்போடுவது. “புட் அவுட்” என்றால் தீயை அணைப்பது. “புட் அப் வித்” என்றால் பொறுத்துக்கொள்வது. நான்கிலும் வினை ஒன்றுதான். ஒட்டியிருக்கும் சிறுசொல் மாறியதும் பொருள் எங்கோ போய்விடுகிறது. “புட்” தெரியும், “அவுட்” தெரியும். ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்த்தால் தீயை அணைப்பது என்ற பொருள் கிடைப்பதில்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, அயல்மொழியினருக்கு மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தருவது இந்த வகைச் சேர்க்கைதான் என்று எழுதினார். வினையும் சிறுசொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தரும் இந்தச் சேர்க்கைக்கு ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர்கூட அப்போது வழக்கில் இல்லை.

ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது முற்றிலும் புதிய இடம் அல்ல. ‘பார்’ வேறு, ‘பார்த்துக்கொள்’ வேறு. ‘கொடு’ வேறு, ‘விட்டுக்கொடு’ வேறு, ‘காட்டிக்கொடு’ இன்னும் வேறு. ‘காட்டிக்கொடுத்தான்’ என்று கேட்டால் யாரும் என்ன காட்டினான், என்ன கொடுத்தான் என்று பிரித்து யோசிப்பதில்லை. துரோகம் என்று உடனே புரிகிறது. “லுக் ஆஃப்டர்” என்பதையும் அப்படியே ஒற்றை வினையாகக் கேட்கப் பழகவேண்டும். ஃப்ரேசல் வெர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்து பலர் சோர்ந்துபோகிறார்கள். பட்டியலில் இல்லாத இரண்டு செய்திகள்தான் பிழையைத் தவிர்க்க உதவுகின்றன: அந்த வினை எந்தச் செயப்படுபொருளை ஏற்கும், அந்தச் செயப்படுபொருள் எந்த இடத்தில் உட்காரும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே வருகின்றன.

படி 1: அது ஃப்ரேசல் வெர்ப்தானா என்று பாருங்கள்

“ஹி ரேன் அப் எ ஹில்” என்றால் அவன் குன்றின் மேல் ஓடினான். “ஹி ரேன் அப் எ பில்” என்றால் அவன் செலவுக் கணக்கை ஏற்றிக்கொண்டே போனான். தோற்றத்தில் இரண்டும் ஒன்று. முதலாவதில் “அப்” திசையைச் சொல்லும் சாதாரண முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்); ‘எங்கே ஓடினான்?’ என்று கேட்டால் ‘குன்றின் மேல்’ என்று பதில் வருகிறது. இரண்டாவதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. குன்றுக்குப் பதிலாக “இட்” போட்டால் “ரேன் அப் இட்”. பில்லுக்குப் பதிலாகப் போட்டால் “ரேன் இட் அப்”. இந்த “இட்” சோதனையை நினைவில் வையுங்கள். அடுத்த படி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

படி 2: செயப்படுபொருளின் இடத்தை உறுதிசெய்யுங்கள்

பொருள் தெரிந்தும் வாக்கியம் பிழையாவது பெரும்பாலும் இங்கேதான். ஃப்ரேசல் வெர்ப்கள் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன.

சில வினைகள் செயப்படுபொருளை ஏற்பதே இல்லை. “தி கார் ப்ரோக் டவுன்”, “தி ப்ளேன் டுக் ஆஃப்”, “ஷி டர்ன்ட் அப் லேட்” போன்றவை இந்த வகை. இவற்றில் சிக்கல் குறைவு.

சில வினைகள் பிரிந்து இடம்விடும். “டர்ன் டவுன்” என்றால் மறுப்பது. “ஹி டர்ன்ட் டவுன் தி ஆஃபர்” என்றும் சொல்லலாம், “ஹி டர்ன்ட் தி ஆஃபர் டவுன்” என்றும் சொல்லலாம். ஆனால் “இட்”, “தெம்”, “ஹிம்”, “ஹெர்” போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் வரவேண்டும்: “ஹி டர்ன்ட் இட் டவுன்”. “டர்ன்ட் டவுன் இட்” என்பது பிழை. இந்த விதிக்கு விலக்கு தேட வேண்டாம். செயப்படுபொருள் நீளமானதாக இருந்தால் எதிர்ப்புறம் செல்லுங்கள்: முழு வினையையும் முதலில் சொல்லிவிட்டு நீண்ட தொடரைக் கடைசியில் வையுங்கள். நடுவில் ஏழெட்டுச் சொற்களைத் திணித்தால், கேட்பவர் “டவுன்” வருவதற்குள் வினையை மறந்துவிடுவார்.

சில வினைகள் பிரியவே பிரியாது. “லுக் ஆஃப்டர்”, “லுக் ஃபார்”, “லுக் இன்டு”, “கம் அக்ராஸ்”, “டேக் ஆஃப்டர்”, நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வதைக் குறிக்கும் “கெட் ஓவர்” ஆகியவை இந்த வகை. இங்கே பிரதிப்பெயரும் கடைசியில்தான் வரும்: “ஐ லுக் ஆஃப்டர் ஹெர்”. முந்தைய விதியைக் கற்ற உற்சாகத்தில் “லுக் ஹெர் ஆஃப்டர்” என்று எழுதிவிடக் கூடாது.

கடைசியாக, இரண்டு சிறுசொற்கள் சேர்ந்த மூன்று சொல் வினைகள்: “புட் அப் வித்”, “ரன் அவுட் ஆவ்”, “கெட் அவே வித்”, “லுக் ஃபார்வர்ட் டு”. இவற்றில் பெரும்பாலானவை பிரியாதவை.

எது எந்த வகை என்று ஒவ்வொன்றாக நினைவில் வைப்பது கடினம். சிறுசொல்லைப் பார்த்தே பெருமளவு ஊகித்துவிடலாம். “ஃபார்”, “இன்டு”, “வித்”, “அட்”, “ஆவ்” ஆகியவை முன்னிடைச்சொற்கள். தமக்குரிய பெயர்ச்சொல்லை விட்டு விலகுவதில்லை. ஆகவே இவற்றில் முடியும் வினைகளின் நடுவே பிரதிப்பெயர் நுழைவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. “அவே”, “பேக்” ஆகிய இரண்டும் நேர் எதிர். இவை முன்னிடைச்சொல்லாக வருவதில்லை. “கிவ் இட் பேக்”, “த்ரோ இட் அவே” என்றுதான் வரும். “அப்”, “டவுன்”, “ஆன்”, “ஆஃப்”, “ஓவர்”, “த்ரூ” போன்றவை இரு பக்கமும் போகக்கூடியவை. அகராதியைத் திறக்கவேண்டியது இவற்றுக்குத்தான்.

அகராதியைப் பார்க்கும்போதும் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதிகள் தலைப்பிலேயே செயப்படுபொருளின் இடத்தைக் காட்டிவிடுகின்றன. “புட் சம்திங் ஆஃப்” என்று நடுவில் “சம்திங்” இருந்தால் அது பிரியும். “லுக் ஆஃப்டர் சம்படி” என்று கடைசியில் இருந்தால் பிரியாது. சில அகராதிகள் இரண்டு இடத்திலும் வரலாம் என்பதற்கு இருமுனை அம்புக்குறி போடுகின்றன. அந்த ஒரு வரியில் பாதிப் பாடம் இருக்கிறது.

காதும் உதவும். பிரியும் வினைகளில் அழுத்தம் சிறுசொல்லின்மேல் விழும். “டர்ன் இட் டவுன்” என்பதில் “டவுன்” ஓங்கி ஒலிக்கும். “லுக் ஃபார் இட்” போன்றவற்றில் “லுக்” ஓங்கி ஒலிக்க, “ஃபார்” அடங்கிவிடும். தவிர, “ஆஃப்” வேறு, “ஆவ்” வேறு. முன்னது விலகுதல், பின்னது ‘உடைய’ என்ற பொருளில் வரும் சிறுசொல், வகர ஒலியில் முடிவது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மட்டுமே கூடக் குறைய இருப்பதால் எழுதும்போது பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.

படி 3: சிறுசொல்லின் போக்கை அறியுங்கள்

“அப்” பல வினைகளில் முழுமையைச் சொல்கிறது. “ஈட்” என்றால் சாப்பிடு. “ஈட் அப்” என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. “யூஸ் அப்” என்றால் தீர்த்துவிடு. நம்முடைய ‘விடு’ செய்கிற வேலையை இங்கே “அப்” செய்கிறது. “ஸ்பீக் அப்”, “ஸ்பீட் அப்” ஆகியவற்றில் அதுவே கூடுதலைக் குறிக்கிறது. “டவுன்” குறைவையும் சரிவையும் குறிக்கிறது. “ரைட் டவுன்” என்பதில் தாளில் பதிவதை. “ஆன்” பல இடங்களில் தொடர்ச்சி: “கேரி ஆன்”, “கீப் ஆன்”. “ஆஃப்” விலகல். “அவுட்” வெளிப்படுதல், பகிர்ந்தளித்தல், தீர்ந்துபோதல்.

இந்த அறிவு ஒன்றுபோல் தோன்றும் சில இணைகளை உடனே பிரித்துக் காட்டிவிடும். “வேர் ஆஃப்”, “வேர் அவுட்” இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் வீரியம், வலி, ஆரம்பத்துப் பரவசம் போன்றவை மெல்ல விலகிப்போகும்போது “வேர் ஆஃப்”. காலணியோ இயந்திரமோ உழைத்து உழைத்துத் தேய்ந்து தீரும்போது “வேர் அவுட்”. ஆனால் இதை விதியாக்கிவிட வேண்டாம். “கிவ் அப்” என்பதில் எந்த ஏற்றமும் இல்லை. சிறுசொல்லின் போக்கு ஊகத்துக்கு உதவும். உறுதி செய்யவேண்டியது அகராதியில்தான்.

படி 4: குழப்பும் இணைகளை நேருக்கு நேர் நிறுத்துங்கள்

அதிக நேரம் செலவிடவேண்டிய படி இது. ஒரே வினையின் எல்லாச் சேர்க்கைகளையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். அவை மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதலில் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, பிறகு குழப்புகிற இன்னொன்றை அதன் பக்கத்தில் நிறுத்துங்கள்.

*புட் ஆஃப், கால் ஆஃப்.* முன்னது தள்ளிவைப்பது, பின்னது ரத்து செய்வது. கூட்டம் “புட் ஆஃப்” ஆனால் வேறொரு நாளில் நடக்கும். “கால் ஆஃப்” ஆனால் நடக்காது. அலுவலக அஞ்சலில் இதை மாற்றி எழுதினால் வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள்.

*கிவ் அப், கிவ் இன்.* இரண்டுக்கும் ‘விட்டுவிடுவது’ என்று பொருள் எழுதி வைத்திருப்பவர்கள் பலர். “கிவ் அப்” என்பது தன் முயற்சியையோ பழக்கத்தையோ கைவிடுவது; எதிரில் இன்னொருவர் இருக்கத் தேவையில்லை. “ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்” என்றால் அவரே நிறுத்தினார். “கிவ் இன்” என்பது எதிர்த்துக்கொண்டிருந்தவர் பிறர் அழுத்தத்துக்குப் பணிவது. யாருக்கு, எதற்கு என்று சொல்ல “டு” சேரும்: “ஷி கேவ் இன் டு தெயர் டிமாண்ட்ஸ்”. இதே குடும்பத்தின் “கிவ் அவே” இலவசமாகக் கொடுப்பதையும் குறிக்கும், ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பதையும் குறிக்கும்.

*லுக் குடும்பம்.* “லுக் ஃபார்” தேடுவது. “லுக் ஆஃப்டர்” பார்த்துக்கொள்வது. “லுக் இன்டு” விசாரித்து ஆராய்வது. இவை எளிதில் பழகிவிடும். வழுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது “லுக் அப்”, “லுக் அப் டு”. “ஐ லுக்ட் ஹிம் அப்” என்றால் அவரைப் பற்றிய தகவலைத் தேடினேன் அல்லது அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். “ஐ லுக் அப் டு ஹிம்” என்றால் அவரை மதிப்போடு நோக்குகிறேன். இரண்டாவது, “லுக் ஓவர்” என்பதற்கும் ஒரே சொல்லாகிய “ஓவர்லுக்” என்பதற்கும் உள்ள வேறுபாடு. அறிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று கேட்க “லுக் ஓவர்” வேண்டும். “ஓவர்லுக்” என்றால் கவனிக்காமல் விடுவது. மேலதிகாரியிடம் “ப்ளீஸ் ஓவர்லுக் மை ரிப்போர்ட்” என்று கேட்டால், அதைப் பார்க்கவே வேண்டாம் என்று கேட்டதாகிவிடும்.

*க்ரோ அப், ப்ரிங் அப்.* தமிழில் வளர்ந்தான், வளர்த்தான் என்று ஒரே வினையடி தன்வினையும் பிறவினையும் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் வினையே மாறவேண்டும். குழந்தை தானாக வளர்வது “க்ரோ அப்”. பெரியவர் குழந்தையை வளர்ப்பது “ப்ரிங் அப்”. “மை கிராண்ட்மதர் க்ரூ மீ அப்” என்ற பிழை இங்கிருந்துதான் பிறக்கிறது. “ப்ராட் மீ அப்” என்பதே சரி. “ப்ரிங் அப்” ஒரு விஷயத்தைப் பேச்சில் எழுப்புவதையும் குறிக்கும். செயப்படுபொருள் குழந்தையா, விஷயமா என்பதை வைத்துப் பொருள் தெளிவாகும்.

*ரன் அவுட், ரன் அவுட் ஆவ்.* தமிழில் ‘எங்களுக்கு நேரம் தீர்ந்துவிட்டது’ என்கிறோம், தீர்வது நேரம். அந்த அமைப்புக்குப் பொருந்துவது “டைம் ரேன் அவுட்”. “வி” என்று நம்மை எழுவாயாக்கினால் “ஆவ்” கட்டாயம்: “வி ரேன் அவுட் ஆவ் டைம்”. எழுவாய் மாறியதைக் கவனிக்காமல் “வி ரேன் அவுட் டைம்” என்று எழுதுவது மிகப் பரவலான பிழை.

*கெட் இன், கெட் ஆன்.* தமிழில் எல்லா வாகனத்திலும் ஏறுகிறோம், இறங்குகிறோம். ஆங்கிலத்தில் காரில் ஏற “கெட் இன்”, இறங்க “கெட் அவுட் ஆவ்”. பஸ், ரயில், விமானம் ஆகியவற்றுக்கு “கெட் ஆன்”, “கெட் ஆஃப்”. உள்ளே எழுந்து நடக்க இடமிருக்கும் வாகனமா என்று பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஏறி அமர்ந்து ஓட்டும் சைக்கிளும் பைக்கும் “கெட் ஆன்” பக்கம் சேரும்.

*புட் ஆன், வேர்.* உடையைப் போடும் செயல் “புட் ஆன்”. போட்டிருக்கும் நிலை “வேர்”. அணிந்தான், அணிந்திருந்தான் என்ற வேறுபாடுதான். “ட்ரை ஆன்” பொருந்துகிறதா என்று உடுத்திப் பார்ப்பது. “ட்ரை அவுட்” எப்படி வேலை செய்கிறது என்று பயன்படுத்திப் பார்ப்பது.

*ப்ரேக் இன், ப்ரேக் இன்டு.* திருடன் புகுந்தான் என்று நிறுத்திக்கொண்டால் “ப்ரோக் இன்”. எதற்குள் என்று சொல்லவேண்டுமானால் “ப்ரோக் இன்டு தி ஹவுஸ்”. “ப்ரேக் அவுட்” போரும் தீயும் நோயும் திடீரென மூள்வது. “ப்ரேக் அப்” உறவு முறிவது.

*ஃபில் இன், ஃபில் அப்.* படிவத்தை நிரப்ப “ஃபில் இன்”, அமெரிக்க வழக்கில் “ஃபில் அவுட்”. “ஃபில் அப்” டேங்க்கையோ பாத்திரத்தையோ முழுதாக நிறைப்பது.

இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன இரண்டையும் சொல்லவேண்டும். சமாளிப்பது “கோப் வித்” மட்டுமே. “கோப் அப் வித்” என்று இடையில் “அப்” சேர்ப்பதைச் செந்தர ஆங்கிலம் ஏற்பதில்லை. “கேட்ச் அப் வித்”, “கீப் அப் வித்” ஆகியவற்றின் சாயலில் அது நுழைந்திருக்கலாம். படிப்பை முடித்ததற்கு “பாஸ்ட் அவுட்” என்பது இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். பிற நாட்டார் பலருக்கு அது மயங்கி விழுந்ததாகத்தான் படும். வெளிநாட்டு விண்ணப்பங்களில் “கிராஜுவேட்டட்” என்று எழுதுங்கள்.

படி 5: அடுத்து வரும் வினையின் வடிவத்தைச் சரிபாருங்கள்

“ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ” என்று நாள்தோறும் எத்தனையோ அஞ்சல்கள் போகின்றன. “டு” வந்தால் அடுத்து வெறும் வினை வரும் என்ற பள்ளிப் பழக்கம்தான் காரணம். இங்குள்ள “டு” முன்னிடைச்சொல். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்: “லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்” என்பது பொருந்துகிறது. பெயர்ச்சொல் பொருந்தும் இடத்தில் வினை வந்தால் அது “இங்” சேர்ந்துதான் வரவேண்டும்: “லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ”. “கிவ் அப்”, “புட் ஆஃப்”, “கீப் ஆன்”, “எண்ட் அப்” ஆகியவற்றுக்குப் பின்னும் “இங்” வடிவமே. ஏதோ ஒன்றைச் செய்யவேண்டும் என்று புறப்படுவதைக் குறிக்கும் “செட் அவுட்” இவற்றுக்கு மாறாக “டு” சேர்ந்த வெறும் வினையை ஏற்கும்.

“கோ ஆன்” இரண்டையும் ஏற்கும், பொருள்தான் மாறும். “ஷி வென்ட் ஆன் டாக்கிங்” என்றால் பேசிக்கொண்டே போனாள். “ஷி வென்ட் ஆன் டு டாக் அபவுட் சேலரி” என்றால் ஒன்றை முடித்துவிட்டு, அடுத்ததாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசினாள்.

படி 6: எழுத்து வடிவமும் இடப்பொருத்தமும்

வினையாக வரும்போது இரண்டு சொல், பெயராகும்போது பெரும்பாலும் ஒரு சொல். “லாக் இன்” செய்வதற்கு வேண்டியது “லாகின்” விவரங்கள். இறந்தகாலம் வினையின்மேல்தான் ஏறும், சிறுசொல்லின்மேல் அல்ல: “லாக்ட் இன்”.

முறையான கடிதங்களில் ஃப்ரேசல் வெர்ப்களே கூடாது என்று சிலர் கற்பிக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. “கேரி அவுட்” ஆய்வுக் கட்டுரைகளில் இயல்பாக வருகிறது; புகாருக்குப் பதில் எழுதும் அலுவலகங்கள் “லுக் இன்டு” என்று எழுதுகின்றன. ஆனால் “புட் அப் வித்” போன்றவை பேச்சுச் சாயல் கொண்டவை. அங்கே “டாலரேட்” நிதானமாக ஒலிக்கும்.

படி 7: எழுதிப் பழகுங்கள், பிறகு சோதியுங்கள்

நோட்டில் ஒவ்வொரு வினைக்கும் இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள்: ஒன்றில் செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாகவும் மற்றொன்றில் பிரதிப்பெயராகவும் இருக்கட்டும். குழப்பும் இணை என்றால் இரண்டும் ஒரே நிகழ்வில் வரும்படி எழுதுங்கள்: கூட்டம் முதலில் தள்ளிப்போனது, பிறகு ரத்தானது. தமிழ்ப் பொருளை ஒற்றைச் சொல்லாக எழுதாமல் யார், எதை என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. அந்த வேலை வந்தது. அவர் அதை மறுத்துவிட்டார்.
2. பிரிண்டரில் காகிதம் தீர்ந்துவிட்டது. (பிரிண்டரை எழுவாயாக்கிச் சொல்லுங்கள்.)
3. என்னை வளர்த்தவர் என் அத்தை.
4. கூட்டத்தை அவர்கள் அடியோடு ரத்து செய்துவிட்டார்கள். (கூட்டத்துக்குப் பதில் “இட்” போடுங்கள்.)
5. உங்களிடமிருந்து பதில் வருவதை எதிர்நோக்கியிருக்கிறேன்.

முதலாவது, “ஹி டர்ன்ட் இட் டவுன்”. “இட்” கடைசியில் போயிருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டாவது, “தி பிரிண்டர் ரேன் அவுட் ஆவ் பேப்பர்”. மூன்றாவது, “மை ஆன்ட் ப்ராட் மீ அப்”. நான்காவது, “தே கால்ட் இட் ஆஃப்”. “புட் இட் ஆஃப்” என்று சொல்லியிருந்தால் கூட்டம் இன்னொரு நாளில் நடக்கும். ஐந்தாவது, “ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ”. “ஹியர்” என்று வாயில் வந்திருந்தால் ஐந்தாம் படியில் உள்ள பெயர்ச்சொல் சோதனையை “யுவர் ரிப்ளை” என்பதை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள்.